குறும்பேரடைகளில் விண்மீன் பிறப்பு வீதம்: இரண்டு அளவுகள் ஒத்துவரவில்லை, எதை எழுதுவது?

தென்வான் | வெள்ளவத்தை | வெள்ளி இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்காக, அருகிலுள்ள குறும்பேரடைகளில் (பால்வீதியைவிட மிகச் சிறிய விண்மீன் கூட்டங்களில்) ஆண்டுக்கு எவ்வளவு திணிவு புதிய விண்மீன்களாக மாறுகிறது என்று கணக்கிட்டு வருகிறேன். நான் எடுத்தவை எல்லாம் 11 மெகாபார்செக்குக்குள், அதாவது சுமார் 36 மில்லியன் ஒளியாண்டுக்குள் இருப்பவை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு அளவுகள் இருக்கின்றன. ஒன்று, ஐதரசன் அல்பா கோட்டில் வரும் சிவப்பு ஒளி. மற்றது, கேலெக்ஸ் விண்கலம் பதிவுசெய்த கழியூதா ஒளி. வானியலாளர் கெனிகட் 1998இல் கொடுத்த சமன்பாடுகளையே இரண்டுக்கும் பயன்படுத்தினேன்: ஐதரசன் அல்பா ஒளிர்வை 7.9 × 10⁻⁴² ஆல் பெருக்குவது, கழியூதா ஒளிர்வை 1.4 × 10⁻²⁸ ஆல் பெருக்குவது.

ஒளி மிகுந்த பேரடைகளில் இரண்டு விடைகளும் ஏறக்குறைய ஒன்றாக வருகின்றன. மங்கலானவற்றுக்குப் போகப் போக ஐதரசன் விடை பின்தங்குகிறது. சிலவற்றில் கழியூதா விடையின் பாதிதான் வருகிறது. மிகவும் மங்கலான ஒன்றிரண்டில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. மேற்பார்வையாளரோ அட்டவணையில் ஒரு பேரடைக்கு ஒரு வீதம்தான் இருக்க வேண்டும் என்கிறார். சராசரி எடுப்பதா, ஒன்றை நம்பி மற்றதை விடுவதா? திங்கட்கிழமை அவரைச் சந்திக்க வேண்டும்.

நிலாமதி | மட்டக்குளி | வெள்ளி இரவு 9.32

தம்பி, நான் பௌதிகவியல் படித்தவள் அல்ல, வானத்தைப் பற்றி வாசிக்கப் பிடிக்கும், அவ்வளவுதான். எனக்கு அடிப்படையிலேயே ஒரு கேள்வி இருக்கிறது. மில்லியன் கணக்கான ஒளியாண்டு தூரத்தில் கிடக்கும் ஒன்றைப் பார்த்து "ஆண்டுக்கு இவ்வளவு" என்று எப்படிச் சொல்கிறீர்கள்? யாரும் ஓர் ஆண்டு காத்திருந்து, புதிதாக எத்தனை பிறந்தன என்று பார்ப்பதில்லையே. இருப்பது ஒரே ஒரு படம்.

தரவுப்பூச்சி | கொழும்பு 06, தற்போது வெளிநாட்டில் ஆய்வு மாணவன் | வெள்ளி இரவு 10.05

நிலாமதி அக்கா, தென்வானின் பிரச்சினைக்கும் உங்கள் கேள்விக்கும் விடை ஒன்றுதான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு வாயு முகில் சுருங்கி விண்மீன்களாக உடையும்போது பாரமானவை சிலவும் இலேசானவை பலவும் பிறக்கின்றன. திணிவின் பெரும்பகுதி இலேசானவற்றில்தான் இருக்கிறது, ஆனால் அவை மங்கலானவை. தூரத்திலிருந்து நமக்குத் தெரிவது பாரமானவற்றின் ஒளி. அந்தப் பாரமானவைகளுக்கு ஆயுள் குறைவு. ஆகவே அவற்றின் ஒளி தெரிகிறது என்றாலே அண்மையில் பிறப்பு நடந்திருக்கிறது என்று பொருள். எவ்வளவு ஒளி, அதற்கு எத்தனை பாரமான விண்மீன்கள் வேண்டும், அவற்றோடு கூடப் பிறந்த இலேசானவற்றையும் சேர்த்தால் மொத்தத் திணிவு எவ்வளவு, அந்த ஒளி எத்தனை ஆண்டுகள் நீடிக்கும் என்று வரிசையாகக் கேட்டு, திணிவைக் காலத்தால் வகுத்தால் வீதம் கிடைக்கும். ஒரு படம் போதுமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

இந்தக் "காலம்" இரண்டு ஒளிகளுக்கும் ஒன்றல்ல. சூரியனைப் போல் சுமார் 15 மடங்கோ அதற்கு மேலோ திணிவுள்ள விண்மீன்கள்தான், சுற்றியுள்ள ஐதரசனிலிருந்து இலத்திரனைப் பிய்த்தெடுக்கும் அளவுக்கு வலுவான போட்டோன்களைப் போதிய அளவில் வெளிவிடுகின்றன. அந்த இலத்திரன் மீண்டும் அணுவோடு சேரும்போது 656.3 நானோமீற்றரில் சிவப்பு ஒளி வருகிறது. ஐதரசன் அல்பா என்பது அதுதான். இத்தகைய விண்மீன்கள் சில மில்லியன் ஆண்டுகளிலேயே முடிந்துவிடும். ஆகவே ஐதரசன் அல்பா சொல்வது கடந்த 5 முதல் 10 மில்லியன் ஆண்டுகளின் கதை. கேலெக்ஸ் பார்த்த கழியூதா ஒளி ஏறக்குறைய 153 நானோமீற்றர் அலைநீளத்தில் வருவது. அதில் சூரியனின் நாலைந்து மடங்கு திணிவுள்ளவையும் பங்களிக்கின்றன. அவை நூறு மில்லியன் ஆண்டுகள் அளவில் வாழ்பவை.

தென்வான், உங்கள் கையில் இருப்பவை ஒரே அளவின் இரண்டு பதிப்புகள் அல்ல. நீளம் வேறான இரண்டு காலங்களுக்கான இரண்டு அளவுகள்.

பழைய கரும்பலகை | ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர், கொழும்பு 04 | சனி காலை 6.20

தென்வான், நீர் சராசரி எடுக்க வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

ஓர் ஊரில் ஆண்டுக்கு எத்தனை பிள்ளைகள் பிறக்கிறார்கள் என்று அறிய ஒருவர் தொட்டில்களை எண்ணுகிறார். இன்னொருவர் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை எண்ணிப் பத்தால் வகுக்கிறார். கொழும்பு மாநகரில் இரண்டு கணக்கும் ஒன்றாகவே வரும். நெடுந்தீவில் இருபது வீடுகள் உள்ள ஒரு குறிச்சியில் அப்படி வராது. இந்த ஆண்டு தொட்டிலே இல்லாமல் இருக்கலாம், அடுத்த ஆண்டு மூன்று இருக்கலாம். இரண்டு கணக்கையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வருகிற எண் எந்த ஆண்டுக்கும் உரியதல்ல, எந்தப் பத்தாண்டுக்கும் உரியதல்ல.

நீர் எடுத்த சமன்பாடுகளின் அடியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. விண்மீன் பிறப்பு நூறு மில்லியன் ஆண்டுகளோ அதற்கு மேலோ ஒரே சீராக நடந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் அந்தக் குணகங்கள் கணிக்கப்பட்டன. நம்முடைய பால்வீதி போன்ற பெரிய பேரடைக்கு அது பொருந்தும். ஓரிடத்தில் தணிந்தால் இன்னோரிடத்தில் மூளும், மொத்தம் சமப்படும். குறும்பேரடையில் சமப்படுத்துவதற்கு வேறு இடமே இல்லை. சமன்பாட்டை மனனம் செய்கிற பழக்கம் நம் பிள்ளைகளுக்கு நன்றாக இருக்கிறது. அதற்குக் கீழே எழுதியிருக்கும் நிபந்தனையையும் சேர்த்துப் படிக்கும் பழக்கம் வர வேண்டும் என்று வகுப்பறையில் எத்தனையோ தடவை மன்றாடியிருக்கிறேன்.

எண்ணிக்கை | கொட்டாஞ்சேனை | சனி காலை 8.15

நான் காப்புறுதித் துறையில் புள்ளிவிபரம் பார்ப்பவன். அரிதாக நடப்பவற்றை எண்ணுவதே என் தொழில். அதனால் ஆசிரியர் சொன்னதை எண்களில் போட்டுப் பார்க்கிறேன்.

எந்தத் திணிவில் எத்தனை விண்மீன்கள் பிறக்கும் என்று சொல்லும் குறூப்பாவின் திணிவுப் பரம்பலை எடுத்தால், ஏறத்தாழ 330 சூரியத் திணிவு வாயு விண்மீன்களாக மாறும்போது, 20 சூரியத் திணிவுக்கு மேற்பட்ட விண்மீன் சராசரியாக ஒன்று பிறக்கும். பால்வீதியை எடுங்கள். ஆண்டுக்கு ஒரு சூரியத் திணிவு என்று வைத்தால், 5 மில்லியன் ஆண்டுகளில் 5 மில்லியன் சூரியத் திணிவு, அதாவது அத்தகைய விண்மீன்கள் ஏறத்தாழ 15,000. தற்செயலான ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம், 120 சொச்சம். நூற்றுக்கு ஒரு வீதம்கூட இல்லை.

இப்போது ஆண்டுக்கு 10⁻⁴ சூரியத் திணிவு என்ற ஒரு குறும்பேரடை. அதே 5 மில்லியன் ஆண்டுகளில் 500 சூரியத் திணிவுதான். எதிர்பார்க்கும் பாரமான விண்மீன்கள் ஒன்றரை. அரிதான நிகழ்வுகளை எண்ணப் பயன்படும் புவாசோன் பரம்பலில் சராசரி ஒன்றரை என்றால், ஒன்றுமே இல்லாமல் போகும் நிகழ்தகவு 0.22. அதாவது இத்தகைய பேரடைகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல், உள்ளே எந்த மாற்றமும் இல்லாமலேயே, ஐதரசன் அல்பாவில் ஏறக்குறைய இருண்டு கிடக்கும். அதே பேரடையை நூறு மில்லியன் ஆண்டு அளவில் பார்த்தால், பிறந்த திணிவு 10,000. அதில் 5 சூரியத் திணிவுக்கு மேற்பட்டவை இருநூறு அளவில் பிறந்திருக்கும். ஏற்ற இறக்கம் நூற்றுக்கு ஏழு. கழியூதா அளவு ஏன் உறுதியாக நிற்கிறது என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மிருகசீரிடம் | தெகிவளை | சனி முற்பகல் 10.40

அவசரப்பட வேண்டாம். கதைக்குள் போவதற்கு முன் அளவீட்டைச் சரிபார்க்க வேண்டாமா? தூசு என்ற ஒன்று இருக்கிறதே. தூரத்தில் பிழை இருக்கலாம். ஐதரசன் வடிகட்டிக்குள் நைதரசன் கோடும் சேர்ந்து வரும். இவற்றையெல்லாம் ஒதுக்கிய பிறகல்லவா புவாசோனைக் கூப்பிட வேண்டும்?

தரவுப்பூச்சி | சனி நண்பகல் 12.30

நியாயமான கேள்வி. ஒவ்வொன்றும் எந்தத் திசையில் தள்ளுகிறது என்று பார்ப்போம், ஏனென்றால் இங்கே திசைதான் முக்கியம்.

தூசு: பேரடைக்கு உள்ளே இருக்கும் தூசு, கழியூதா ஒளியை ஐதரசன் அல்பாவைவிட அதிகமாக மறைக்கும். திருத்தாமல் விட்டால் கழியூதா விடைதான் குறைய வேண்டும். தென்வான் காண்பது நேர் எதிர். மேலும் உலோகச்செறிவு (ஐதரசன், ஈலியம் தவிர்ந்த மூலகங்களின் பங்கு) குறைந்த குறும்பேரடைகளில் தூசும் குறைவு. நம் பால்வீதியின் தூசு வேறு விடயம். அது முன்னால் தொங்குகிற திரை. நிறமிகை (தூசினால் ஒளி சிவக்கும் அளவு) ஒரு அலகு என்றால் கேலெக்ஸின் தொலைக் கழியூதாவில் 8 ஒளிப்பருமன் அளவிலும், ஐதரசன் அல்பாவில் 2.5 ஒளிப்பருமன் அளவிலும் ஒளி குறையும். ஆகவே இந்தத் திருத்தத்தை அளவுக்கு மீறிச் செய்தால் கழியூதா பொய்யாக உயரும். ஐ.சி. 10 போலப் பால்வீதித் தளத்துக்கு அருகே தெரிகிற பேரடைகளை இந்த ஒப்பீட்டிலிருந்து விலக்கிவிடுவதுதான் நல்லது.

தூரம்: பிழைத்தால் இரண்டு விடையும் சேர்ந்தே பிழைக்கும். விகிதம் மாறாது. வரைபடத்தில் புள்ளி இடம் மாறும், அவ்வளவுதான்.

நைதரசன்: 658.3 நானோமீற்றர் கோடு வடிகட்டிக்குள் வந்தால் ஐதரசன் விடை கூடவே செய்யும், குறையாது. குறும்பேரடைகளில் அந்தக் கோடு மிகவும் பலவீனம்.

உலோகச்செறிவு: குறைந்தால் விண்மீன் வெப்பம் கூடியதாக இருக்கும், அயனாக்கும் போட்டோன்களும் கூடும். அதுவும் ஐதரசன் பக்கம்தான்.

கசிவு: அயனாக்கும் போட்டோன்கள் ஐதரசனில் படாமல் பேரடையை விட்டே வெளியேறினால் ஐதரசன் அல்பா குறையும். திசை சரி. ஆனால் பத்து மடங்குக் குறைவை விளக்க, பத்தில் ஒன்பது போட்டோன்கள் தப்பியோட வேண்டும். எல்லாப் பேரடைகளிலும் அப்படி நடக்கிறது என்று நம்புவது கடினம்.

நான் உண்மையில் கவலைப்படுகிற இடம் வேறு. ஐதரசன் படத்தில் இருந்து தொடர்நிறமாலை ஒளியை, அதாவது கோட்டைச் சேராத விண்மீன்களின் பொது ஒளியை, கழிக்கும் படி. குறுகிய வடிகட்டிப் படத்திலிருந்து அகன்ற சிவப்பு வடிகட்டிப் படத்தை அளவுபடுத்திக் கழிக்கிறோம். கழித்த படத்தைத் திறந்து பாருங்கள். முன்னால் நிற்கும் பால்வீதி விண்மீன்கள் ஒரு பக்கம் வெள்ளையும் மறுபக்கம் கறுப்புமான பிறைகளாக எஞ்சியிருக்கும். அவற்றின் நடுவே, பேரடையின் வயிற்றில், ஓரம் தெளிவில்லாத இரண்டு மூன்று பஞ்சுத்துண்டுகள் தெரியும். உங்கள் முழு ஐதரசன் விடையும் அந்தப் பஞ்சுத்துண்டுகள்தான். அளவுபடுத்தும் எண் சற்றே கூடினால் அவற்றைச் சுற்றியுள்ள மெல்லிய பரவல் ஒளி முழுவதும் கழிபட்டுப் போய்விடும். ஆகவே கழித்தலில் எவ்வளவு நிச்சயமின்மை என்று மூல அட்டவணையில் போட்டிருப்பார்கள், அதை விடாமல் எடுங்கள்.

இன்னொன்று, 1998 குணகத்தை ஒன்றுக்கும் 2012இல் கெனிகட்டும் எவன்சும் தந்த புதிய குணகத்தை மற்றதுக்கும் கலந்து போட்டால், திணிவுப் பரம்பல் வேறுபடுவதால் மட்டும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வித்தியாசம் வரும். நீங்கள் இரண்டையும் 1998இலிருந்தே எடுத்திருக்கிறீர்கள், நல்லது.

நீங்கள் கண்டிருப்பது ஏற்கெனவே அறிந்த விளைவு. 2009இல் ஜனிஸ் லீ தலைமையிலான குழு இதே 11 மெகாபார்செக் எல்லைக்குள் நூற்றுக்கணக்கான பேரடைகளில் இதைக் காட்டியது. ஆண்டுக்கு 0.003 சூரியத் திணிவுக்குக் கீழே ஐதரசன் அல்பா சராசரியாக இரண்டு மடங்கு குறைவு. அதிலும் மிக மங்கலான ஒருசிலவற்றில் பத்து மடங்கு.

மிருகசீரிடம் | சனி பிற்பகல் 3.05

சரி, அளவீட்டை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் விளக்கத்தை ஏற்கவில்லை. எண்ணிக்கை அவர்களின் கணக்கில் ஒரு முன்முடிவு இருக்கிறது: 500 சூரியத் திணிவு எங்கே, எப்படிப் பிறந்தாலும் அதே பரம்பல்தான் என்கிறார். குறூப்பாவும் வெய்ட்னரும் வேறு மாதிரிச் சொல்கிறார்கள். விண்மீன்கள் கொத்துகளில் பிறக்கின்றன. சிறிய கொத்தில் பாரமான விண்மீன் உருவாகவே முடியாது, மேல் எல்லை கொத்தின் திணிவைப் பொறுத்தது. குறும்பேரடையில் சிறிய கொத்துகளே அதிகம். ஆகவே அங்கே பாரமான விண்மீன்கள் இயற்கையிலேயே குறைவு. பிறப்பு வீதம் குறையவில்லை, ஐதரசன் அல்பாவை உண்டாக்குகிறவைதான் இல்லை. இது உண்மையானால், தென்வானின் ஐதரசன் விடைகள் காலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. குணகம்தான் பிழை.

எண்ணிக்கை | சனி பிற்பகல் 4.20

இது கௌரவமான எதிர்வாதம். இதைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு: சிதறலைப் பாருங்கள். எல்லை ஒன்று இருந்து அது பாரமானவற்றைத் தடுக்கிறது என்றால், மங்கலான பேரடைகள் எல்லாமே ஏறத்தாழ ஒரே அளவு கீழே இறங்க வேண்டும். தற்செயலும் திடீர்ப் பெருக்கமும்தான் காரணம் என்றால், பெரும்பாலானவை கீழே இருக்க, ஒருசில மேலே துள்ள வேண்டும். அண்மையில் மூண்டெழுந்த பேரடையில் ஐதரசன் விடை கழியூதா விடையை மிஞ்ச வேண்டும்.

தென்வான், உங்கள் பட்டியலில் அப்படி மேலே நிற்பவை இருக்கின்றனவா?

தென்வான் | சனி மாலை 5.00

இருக்கின்றன. மங்கலான பக்கத்தில் சிதறல் மிகவும் அகலம். பெரும்பாலானவை இரண்டு விடையும் சமமாகும் கோட்டுக்குக் கீழே கிடக்கின்றன, ஓரிரண்டு மட்டும் தெளிவாக மேலே.

தரவுப்பூச்சி | சனி மாலை 5.45

அதைத்தான் 2012இல் வைஸ் குழுவும் எழுதியது. 185 பேரடைகளை வைத்துப் பார்த்தபோது, மிகச் சிறியவற்றில் விண்மீன் பிறப்பு நீண்ட காலம் தணிந்து கிடந்து, இடையிடையே சில பத்து மில்லியன் ஆண்டுகளுக்கு முப்பது மடங்கு அளவில் பொங்கி, ஏறத்தாழ 250 மில்லியன் ஆண்டுக்கு ஒருமுறை இது நடந்தால், அவதானிக்கும் சிதறல் பொருந்துகிறது. பரம்பலை மாற்றத் தேவையே வரவில்லை.

மிருகசீரிடம் அண்ணாவின் வாதத்துக்கு நான் எப்போதும் முன்வைக்கும் எதிர்ச்சான்று லியோ பி. 2013இல் அறிவிக்கப்பட்ட பேரடை, அரெசிபோ வானொலித் தொலைநோக்கியின் ஐதரசன் தேடலில் அகப்பட்டது, சுமார் 1.6 மெகாபார்செக் தூரம். உலோகச்செறிவு சூரியனில் நூற்றுக்கு மூன்று. அந்தப் பேரடை முழுவதிலும் ஐதரசன் அல்பாவில் ஒளிர்கிற அயன் முகில் ஒன்றே ஒன்று. அதற்குள் மிக வெப்பமான ஓ வகை விண்மீன் ஒன்று இருக்கிறது, சூரியனைப் போல் இருபது மடங்குக்கு மேல் திணிவு. இவ்வளவு சிறிய பேரடையில், இவ்வளவு சொற்ப வாயுவில், அத்தகைய விண்மீன் பிறந்திருக்கிறது. இறுக்கமான மேல் எல்லை இருந்திருந்தால் அது பிறந்திருக்கவே கூடாது.

இன்னும் ஒன்று யோசியுங்கள். அந்த விண்மீன் ஆயுள் முடிந்து போனால் லியோ பியின் ஐதரசன் அல்பா விடை பூச்சியமாகிவிடும். அந்தக் கணத்தில் பேரடையில் வேறு எதுவுமே மாறியிருக்காது. ஒற்றை விண்மீனின் பிறப்பு இறப்பை "பேரடையின் பிறப்பு வீதம்" என்று அட்டவணையில் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

மிருகசீரிடம் | சனி இரவு 7.10

ஒரு பேரடை ஒரு கோட்பாட்டைக் கவிழ்த்துவிடாது. எல்லை இறுக்கமாக இல்லாமல் தளர்வாக இருக்கலாம். தற்செயலும் எல்லையும் இரண்டும் சேர்ந்து வேலை செய்யலாம். ஆனால் மேலே துள்ளும் புள்ளிகளை என் விளக்கம் மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மொட்டைமாடி | பம்பலப்பிட்டி | சனி இரவு 8.30

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் சிறிய தொலைநோக்கியும் 7 நானோமீற்றர் ஐதரசன் அல்பா வடிகட்டியும் இருக்கின்றன. கொழும்பு வானத்தில் இந்தக் குறும்பேரடைகளில் எதையாவது எங்களாலேயே படம் பிடிக்க முடியுமா? வெறுமனே தரவிறக்கிப் பார்ப்பதில் மனம் நிறையவில்லை.

பழைய கரும்பலகை | சனி இரவு 9.15

முடியும் தம்பி. அருகிலிருப்பவை இரண்டு மகெல்லன் மேகங்கள். பெரியது 163,000 ஒளியாண்டு, சிறியது சுமார் 200,000. ஆனால் அவை தென்வானத்தில் வெகு தாழ்வாக ஓடுபவை. கொழும்பு 7 பாகை வட அகலாங்கில் இருப்பதால் பெரிய மேகம் உச்சத்தில்கூட அடிவானிலிருந்து 14 பாகைதான் எழும்பும். அந்தத் தாழ்வில் வளிமண்டலம் நாலு மடங்கு தடிப்பு. நமக்குக் கடல் மேற்கே இருக்கிறது, தெற்கே தெகிவளை, கல்கிசை விளக்குகள். தை மாதத்தில் இரவு ஒன்பது மணியளவில் மாத்தறைப் பக்கம், தெய்வேந்திரமுனையில் நின்று தெற்கே பார்த்தால் கடலுக்கு மேலே தெரியும். அதிலுள்ள தரந்துலா நெபுலா உம்முடைய வடிகட்டிக்கு நல்ல இலக்கு. அந்த மேகத்தின் ஐதரசன் அல்பா ஒளியில் கணிசமான பங்கு அந்த ஒரு நெபுலாவிலிருந்து வருகிறது.

கொழும்பிலிருந்தே வேண்டுமென்றால் என்.ஜி.சி. 6822. 1884இல் பார்னார்ட் கண்டது, 1.6 மில்லியன் ஒளியாண்டு. தனுசு இராசியில் இருக்கிறது, கொழும்பில் 68 பாகை உயரத்துக்கு ஏறும். ஆவணி, புரட்டாதியில் முன்னிரவில் உச்சத்தில் நிற்கும். பேரடையின் மெல்லிய உடல் நகர ஒளியில் மறைந்துவிடும், ஆனால் அதன் வடக்கு ஓரத்திலுள்ள அயன் முகில்களின் ஒளி உம்முடைய வடிகட்டி வழியாக வந்துசேரும். பல மணிநேர வெளிப்பாடு தேவை. மேகம் விடாவிட்டால் அதே பருவத்தில் மன்னார்ப் பக்கம் வானம் திறந்திருக்கும்.

இந்தப் பேரடைக்கு மரியாதையான வரலாறும் உண்டு. 1925இல் ஹபிள் இதில் செபெயிட் மாறும் விண்மீன்களை வைத்துத் தூரம் கணித்து, இது பால்வீதிக்கு வெளியே உள்ள தனி அமைப்பு என்று காட்டினார்.

மொட்டைமாடி | சனி இரவு 9.40

மிக்க நன்றி சேர். ஆவணியில் முயல்கிறேன்.

நிலாமதி | ஞாயிறு காலை 7.50

எல்லாவற்றையும் இரண்டு முறை வாசித்தேன். கேட்க வேண்டியது ஒன்றுண்டு. பரம்பல், சீரான பிறப்பு, தூசு என்று இவ்வளவு ஊகங்களை அடுக்குவதற்குப் பதிலாக, அருகிலுள்ள பேரடைகளில் விண்மீன்களை ஒவ்வொன்றாக எண்ணிவிடக் கூடாதா?

தரவுப்பூச்சி | ஞாயிறு முற்பகல் 11.20

எண்ணுகிறார்கள் அக்கா. என் மனத்துக்கு மிகவும் நெருக்கமான வேலை அதுதான்.

ஹபிள் தொலைநோக்கி சில மெகாபார்செக் தூரம் வரை தனித்தனி விண்மீன்களைப் பிரித்துக் காட்டும். ஒவ்வொன்றின் நிறத்தையும் ஒளியையும் அளந்து ஒரு வரைபடத்தில் புள்ளியாக வைத்தால், ஒரே வயதுடையவை குறிப்பிட்ட வளைகோடுகளில் வந்து அமர்கின்றன. 20 மில்லியன் ஆண்டு வயதுடையவை ஓரிடம், 200 மில்லியன் வயதுடையவை வேறிடம். எந்த வயதுக்காரர் எத்தனை பேர் என்று பொருத்திப் பார்த்தால், பேரடையின் பிறப்பு வரலாறே காலவரிசையில் கிடைத்துவிடும். டல்கன்டன் குழு 2009இல் 4 மெகாபார்செக்குக்குள் 69 பேரடைகளுக்கு இந்த வரைபடங்களை வெளியிட்டது. திணிவுப் பரம்பல் இங்கும் ஊகம்தான், ஆனால் ஒரே ஒரு பாரமான விண்மீனின் தலையில் முழுக் கணக்கையும் ஏற்றவேண்டிய நிலை இல்லை.

இந்த எண்ணிக்கையோடு கழியூதா அளவை ஒப்பிட்டு மக்குயின் குழு 2015இல் ஒரு முடிவுக்கு வந்தது: குறும்பேரடைகளில் வழக்கமான கழியூதா சமன்பாடு தருவதைவிட உண்மையான வீதம் சராசரியாக 53 சதவீதம் அதிகம். தென்வான், இதைக் கவனியுங்கள். கழியூதா அளவு உறுதியாக நிற்கிறது என்று மேலே சொன்னோம். உறுதியாக நிற்பது வேறு, சரியாக இருப்பது வேறு. அதன் குணகத்துக்கும் திருத்தம் தேவை.

நமக்குப் பக்கத்து நாட்டுத் தரவும் இருக்கிறது. 2015 செப்டெம்பர் 28இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட் விண்கலத்தின் கழியூதாத் தொலைநோக்கி, 38 சென்ரிமீற்றர் ஆடிகள் இரண்டு கொண்டது. கேலெக்ஸ் நாலு விகலைக்கு (ஒரு விகலை, பாகையின் 3600இல் ஒரு பங்கு) மேல் மங்கலாக்கிய இடத்தை இது ஒன்றரை விகலைக்குள் பிரித்துக் காட்டுகிறது. டபிள்யூ.எல்.எம்., ஐ.சி. 2574 போன்ற குறும்பேரடைகளில் இளம் விண்மீன் குவியல்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பெங்களூரு ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். செயற்றிட்டத்தின் அடுத்த கட்டத்துக்கு அங்கே போகலாம்.

தென்வான் | ஞாயிறு மாலை 6.30

அனைவருக்கும் உளமார்ந்த நன்றி. அட்டவணையை இப்படி அமைக்கப் போகிறேன். ஒரு பேரடைக்கு இரண்டு நிரல். ஒன்றின் தலைப்பு "அண்மைய 10 மில்லியன் ஆண்டு வீதம்", மற்றது "அண்மைய 100 மில்லியன் ஆண்டு வீதம்". சராசரி என்று எதுவும் இருக்காது. மூன்றாவது நிரலில் இரண்டின் விகிதம். பேரடை இப்போது தணிந்து கிடக்கிறதா மூண்டிருக்கிறதா என்பதற்கு அந்த விகிதமே முதற் குறிப்பு. மேற்பார்வையாளர் ஒரே எண்ணைக் கேட்டால் நூறு மில்லியன் ஆண்டு வீதத்தைக் காட்டி, அதன் காலத்தையும் சேர்த்தே சொல்வேன்.

ஆண்டுக்கு 10⁻³ சூரியத் திணிவுக்குக் கீழே உள்ளவற்றுக்கு எண்ணிக்கை அண்ணா காட்டிய வழியில் புவாசோன் வீச்சையும் தனியாகக் கணக்கிட்டுப் போடுகிறேன்.

எண்ணிக்கை | ஞாயிறு இரவு 7.05

நல்லது தம்பி. ஆனால் ஒன்றைக் கேட்காமல் விட முடியாது. பட்டியலைத் தெரிவு செய்தபோது, ஐதரசன் அல்பாவில் ஒன்றுமே தெரியாத பேரடைகளை என்ன செய்தீர்கள்? விகிதம் கணக்கிட முடியாது என்று விட்டுவிடத்தான் யாருக்கும் தோன்றும். அவற்றை விட்டால் முழு வேலையும் சாய்ந்துவிடும். நீங்கள் அளக்க வந்ததே எத்தனை பேரடைகள் தணிந்து கிடக்கின்றன என்பதை. முழுக்கத் தணிந்தவற்றை நீக்கிவிட்டு எஞ்சியவற்றில் சராசரிச் சரிவைத் தேடினால், சரிவு உண்மையைவிடக் குறைவாகத்தான் வரும். படத்தில் எவ்வளவு மங்கலானது வரை தெரிந்திருக்கும் என்ற எல்லையை எடுத்து, அதையே மேல் எல்லையாகப் போடுங்கள்.

தரவுப்பூச்சி | ஞாயிறு இரவு 7.20

முழுமையாக வழிமொழிகிறேன். மேல் எல்லைகளையும் சேர்த்துக் கையாளும் புள்ளிவிபர முறைகள் இருக்கின்றன, மருத்துவத்தில் உயிர்வாழ்வுப் பகுப்பாய்வு என்று செய்வது அதுதான். வேண்டுமானால் அதற்கான கணினி நிரலை அனுப்பிவைக்கிறேன்.

தென்வான் | ஞாயிறு இரவு 8.00

மூலப் பட்டியலில் அப்படிப்பட்டவை இருக்கின்றன, தனிக் கோப்பில் வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் கீழ்நோக்கிய அம்புக்குறியோடு வரைபடத்தில் சேர்க்கிறேன். நிரலை அனுப்பிவிடுங்கள் அண்ணா, இரவு நேர டேட்டாவில் இன்றைக்கே இறக்கி ஓட்டிப் பார்க்கிறேன்.